ஊரின் பெயரும் ஊரின் பலகையும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டுக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு நினைவாக ஊருக்கு ஏதேனும் செய்ய வேண்டும் என்று சங்கம் எண்ணியபோது பல யோசனைகள் வந்தன. அவற்றுள் ஒன்று, அமிர்தகழியின் வீதிகளுக்கும் ஒழுங்கைகளுக்கும் மாநகர சபையின் அனுமதியோடு பெயர்ப்பலகைகள் செய்து கொடுப்பது. இந்த யோசனையை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். பலகை எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் இரண்டு கட்சி உண்டாயிற்று. “மீன்பாடும் தேனாட்டில் பலகையும் மீன் வடிவில் இருந்தால்தானே அழகு?” என்கிறது ஒரு கட்சி. “பலகை என்றால் பலகை. எழுத்துத் தெரிந்தால் போதும், அதற்கு வாலும் செட்டையும் எதற்கு?” என்கிறது மற்றக் கட்சி. இரண்டு கட்சியிலும் என் நெருங்கிய தோழியர் இருக்கிறார்கள். அதனாலோ என்னவோ, இதைப்பற்றிப் பேசும் பொறுப்பை என்னிடம் தந்துவிட்டார்கள்.

சிறிய விடயந்தானே என்று சிலர் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு நகரம் தன்னைப்பற்றித் தானே எழுதி, எல்லோரும் பார்க்கும்படி தெருவில் நட்டு வைப்பதுதான் பலகை. நாங்கள் யார் என்பதை நாங்களே எழுதுகிறோம். அதனால் யோசித்து எழுத வேண்டும்.

முதலில், பெயர்ப்பலகை யாருக்காக? ஊர்க்காரருக்கு அது தேவையில்லை. “மாமாங்கத்தடியில இறங்கு, குளத்தோட வா, மறுகா அங்கின கேளு மனே, காட்டித் தருவாங்க” என்று வழி சொல்லித்தான் எங்கள் பெரியவர்கள் பழகினார்கள். கிழக்கும் மேற்கும்கூட எங்களுக்கு வெறும் திசைகள் அல்ல. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. நடுவில் வாவி. இந்த இரண்டு சொற்களும் தெரிந்தவருக்கு இந்த மாவட்டத்தின் பாதி வரைபடம் தெரிந்துவிடும்.

ஆனால் இன்று பலகை தேவைப்படுகிறவர்கள் வேறு. இரவில் நோயாளியை ஏற்ற வரும் அம்புலன்ஸ் சாரதிக்கு வேண்டும். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு வெளியூரிலிருந்து வருகிறவருக்கு வேண்டும். ரொறன்ரோவிலோ இலண்டனிலோ மெல்பேர்னிலோ பிறந்து, அம்மம்மாவின் வீட்டைத் தேடிக் கைத்தொலைபேசியும் கையுமாக வரும் எங்கள் பேரப்பிள்ளைக்கு வேண்டும். இந்தப் பிள்ளைக்குப் பலகை வழியை மட்டும் சொன்னால் போதாது. “நீ வந்து சேர்ந்திருக்கும் இடம் இது” என்றும் சொல்ல வேண்டும். அலங்காரப் பலகை வேண்டும் என்கிறவர்களின் வாதத்தில் உள்ள நியாயம் இதுதான். அதை நான் மனதார ஏற்றுக்கொள்கிறேன்.

இனி மீனுக்கு வருவோம். நகருக்குள் நுழையும் வளைவுகளிலும் சந்திகளிலும் மீனையும் மீன்மகளையும் காண்கிறோம். கடைப் பெயர்களிலும் விளையாட்டுக் கழகங்களின் சின்னங்களிலும் மீன் நீந்துகிறது. இந்த மீன் எங்கிருந்து வந்தது?

கல்லடிப் பாலத்தடியில், முழுநிலவு நாளில், தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் விட்டு மறு முனையைக் காதோடு சேர்த்தால் மெல்லிய இசை கேட்கும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. 1848 செப்டெம்பரில் இங்கே வந்த காலனித்துவச் செயலாளர் சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், தோணியில் போய் அந்த ஒலியைத் தாமே கேட்டார். 1859இல் வெளிவந்த தமது இலங்கை பற்றிய நூலில் அதை விரிவாக எழுதினார். 1950களில் புனித மிக்கேல் கல்லூரியைச் சேர்ந்த இயேசு சபைத் துறவியர் நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி அதைப் பதிவு செய்தார்கள். காரைதீவில் 1892இல் பிறந்து, கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவிய சுவாமி விபுலாநந்தர், வாவியின் இசையை நீரரமகளிரின் பாடலாகக் கற்பனை செய்து கவிதை புனைந்தார். மறைந்துபோன யாழைத் தேடிப் பல ஆண்டுகள் உழைத்து 1947இல் ‘யாழ்நூல்’ தந்தவர் அவர். தண்ணீருக்குள் இசை கேட்கும் ஊரின் பிள்ளை இசையைத் தேடிப் போனதில் வியப்பில்லை. இன்று சந்தியில் நிற்கும் மீன்மகளுக்கும் அந்தக் கற்பனைக்கும் உள்ள உறவைத் தங்கைமார் அறிந்திருப்பது நல்லது.

ஆனால் டெனன்டின் எழுத்தில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. பாடுவது எது என்று அவர் மீனவர்களைக் கேட்டார். அவர்கள் மீன் என்று சொல்லவில்லை. ஊரி என்றார்கள். வாவிக் கரையில் கால் வைத்த ஒவ்வொருவருக்கும் ஊரி என்ன என்று தெரியும். கூவுகிற ஊரி, அழுகிற ஊரி என்ற பொருளில் அவர்கள் சொன்ன பெயரை அவர் தம் காதில் விழுந்தபடி எழுதி வைத்தார். ஒலி எழுப்புவது சிப்பி இனந்தான் என்றே அவரும் கருதினார். மீனா, ஊரியா, வேறு ஏதேனுமா என்பது இன்றுவரை முடிவாகவில்லை.

இதை ஏன் சொல்கிறேன்? மீனைக் கழற்றிவிட்டு ஊரியை மாட்டுங்கள் என்று கேட்பதற்கு அல்ல. வாவியோடு வாழ்ந்த தொழிலாளி சொன்ன சொல் ஒன்று, பின்னால் வந்த அலங்காரத்துக்குள் மறைந்து போயிற்று. அதைச் சுட்டிக்காட்டத்தான் சொல்கிறேன். படம் எப்போதும் கதையைச் சுருக்கும். மீன் என்று ஒரு படத்தை எல்லா இடத்திலும் ஒட்டிவிட்டால், மற்றக் கதைகளை யாரும் கேட்க மாட்டார்கள். அலங்காரப் பலகைக்கு நான் வைக்கும் முதல் நிபந்தனை இதிலிருந்து வருகிறது. அது ஒரு கதையைத் தொடங்கி வைக்க வேண்டும். முடித்து வைக்கக்கூடாது.

இருந்தாலும் மீனுக்காக நான் ஒரு வாதம் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் நாட்டில் பலகைகள் சும்மா நின்றவை அல்ல. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. அதன் பின் வாகன இலக்கத் தகடுகளில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து வந்தது. 1958இல் வடக்கிலும் கிழக்கிலும் அந்த எழுத்தைத் தார் பூசி அழித்தார்கள். தெற்கில் தமிழ் எழுத்துள்ள பலகைகளுக்குத் தார் பூசினார்கள். ஓர் எழுத்துக்காகத் தொடங்கியது எங்கே போய் நின்றது என்பதை அந்த ஆண்டின் மே மாதக் கலவரத்தைக் கண்டவர்கள் அறிவார்கள். 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி என்று சொல்ல, முப்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. சட்டம் சொன்ன பின்னும், பலகையில் தமிழ் பிழையில்லாமல் வருவதற்கு இன்னும் காத்திருக்கிறோம்.

இப்படிப்பட்ட நாட்டில் ஒரு நகரம் எதைத் தன் சின்னமாகக் கொள்வது? எங்களிடம் பெருமைக்குரியவை நிறைய உண்டு. வடமோடி, தென்மோடிக் கூத்து உண்டு. வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு உண்டு. அவை ஆழமானவை. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு சாராரின் உயிரோடு ஒட்டியது. அதைத் தெருச் சந்தியில் எல்லோருக்கும் பொதுச் சின்னமாக நட்டால், பக்கத்து வீட்டுக்காரர் “அப்போ நாங்கள்?” என்று கேட்பார். வாவியின் இசையோ அப்படியல்ல. இந்து, இஸ்லாமியர், கத்தோலிக்கர், மெதடிஸ்தர் என்று பார்த்து அது பாடுவதில்லை. தமிழ் பேசுகிறவரும், சிங்களம் பேசுகிறவரும், வீட்டுக்குள் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியைக் காத்து வைத்த பறங்கியரும் துடுப்பில் காது வைத்தால் ஒரே ஒலியைத்தான் கேட்பார்கள். இவ்வளவு பொதுவான சின்னம் எல்லா நகரத்துக்கும் கிடைப்பதில்லை. அதனால் மீன் இந்த நகரத்துக்குப் பொருந்தாது என்று சொல்கிறவர்களோடு நான் சேரமாட்டேன்.

பக்கத்திலுள்ள காத்தான்குடியைப் பாருங்கள். பிரதான வீதியின் நடுவே பேரீச்ச மரங்களை வரிசையாக நட்டு, அரபு எழுத்துகளையும் வளைவுகளையும் வைத்துத் தம் ஊருக்கு ஒரு தோற்றம் கொடுத்தார்கள். அது அவர்களின் விருப்பம், அவர்களின் அழகு. 2019 உயிர்த்த ஞாயிறன்று நடந்த கொடுமை எங்கள் நகரின் சியோன் தேவாலயத்தையும் விட்டுவைக்கவில்லை. அதற்குப் பின்னர், நாட்டின் பல இடங்களிலும் அரபு எழுத்துள்ள பலகைகள் அகற்றப்பட்டன. பக்தியோடும் ஆசையோடும் எழுதியவர்கள் ஒன்றை எண்ணினார்கள். அச்சத்தோடு பார்த்தவர்கள் வேறொன்றை வாசித்தார்கள். பலகை எழுதியவரின் கருத்தோடு மட்டும் நிற்பதில்லை. வாசிக்கிறவரின் மனதும் அதை எழுதுகிறது. அந்தக் குழப்பத்திலெல்லாம் அசையாமல் நின்றது ஊரின் பெயர்தான். காத்தான் என்பவன் குடியிருந்த இடம் என்று ஊர்க்கதை சொல்லும் அந்தப் பெயர், தார் பூச முடியாத பெயர்.

இதுதான் நான் சொல்ல வந்த முக்கியமான விடயம். ஊரின் அடையாளம் பலகையின் வடிவத்தில் இல்லை. பெயரில் இருக்கிறது. வடிவம் பெயருக்குத் துணை நிற்கலாம். அதன் இடத்தைப் பிடிக்கக்கூடாது.

கல்லடிப் பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1924இல் திறந்தபோது ஆளுநர் மானிங்கின் துணைவியார் பெயரால் ‘லேடி மானிங் பாலம்’ என்று பெயரிட்டார்கள். 2013இல் பக்கத்தில் புதுப் பாலமும் வந்துவிட்டது. ஆனால் நூறு ஆண்டுகளாக யாரிடம் வழி கேட்டாலும் கல்லடிப் பாலம் என்றுதான் சொல்கிறார்கள். அரசாங்கம் எழுதிய பெயர் கல்வெட்டில் இருந்தது. சனங்கள் வைத்த பெயர் நாவில் இருந்தது. நாவில் இருந்ததுதான் நிலைத்தது.

எங்கள் ஊர்ப் பெயர்களை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். புளியந்தீவு. கோட்டைமுனை. ஊறணி. கருவேப்பங்கேணி. சின்ன உப்போடை. தாண்டவன்வெளி. வலையிறவு. பாலமீன்மடு. ஒவ்வொன்றும் ஒரு படம். மரம், தீவு, முனை, ஊற்று, கேணி, ஓடை, வெளி, மடு என்று நிலத்தையும் நீரையும் பார்த்துப் பார்த்து வைத்த பெயர்கள். மட்டக்களப்பு என்ற பெயரிலேயே களப்பு இருக்கிறது. இவற்றைச் சரியாக எழுதி வைத்தாலே போதும். வாலும் செட்டையும் இல்லாமலே பலகை பாடும்.

இந்த ஊரின் பெயரைப் பாருங்கள். அமிர்தகழி. அமிர்தத்தை எல்லோரும் அறிவோம். மாமாங்கேஸ்வரர் தலவரலாறு இராமரையும் அனுமாரையும் இந்தத் தீர்த்தத்தோடு சேர்த்துச் சொல்லும். ஆனால் ‘கழி’ என்றால் என்ன என்று கேட்டால் எத்தனை பிள்ளைகள் பதில் சொல்வார்கள்? கழி என்பது கடலோடு சேர்ந்த உவர்நீர்ப் பரப்பு. சங்க இலக்கியத்தின் நெய்தற் பாடல்களில் திரும்பத் திரும்ப வரும் சொல். தலைவி கரையில் காத்திருப்பாள், கழியில் நீலம் பூத்திருக்கும், ஓரத்தில் கண்டல் நிற்கும். நாங்கள் கண்ணா என்று சொல்லும் அதே மரந்தான் கண்டல். இலக்கிய வகுப்பில் நெய்தல் திணையைப் படிக்கும் பிள்ளை, சன்னலுக்கு வெளியே பார்த்தால் அதே நிலத்தைக் காணலாம். இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான ஒரு சொல் எங்கள் முகவரியில் இருக்கிறது. கடித உறையில் எழுதி எழுதி அதை நாங்கள் மறந்துவிட்டோம்.

இந்தச் சொல்லுக்கு இப்போது ஆபத்து வந்திருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதும்போது ‘ழ’ காணாமற் போய்விடுகிறது. ஒரு பலகையில் ஒரு விதமாகவும் இன்னொரு பலகையில் இன்னொரு விதமாகவும் எழுத்துக் கூட்டுகிறார்கள். கூகுள் வரைபடத்தில் அந்த ஆங்கில எழுத்தை மட்டும் பார்க்கும் வெளிநாட்டுப் பேரப்பிள்ளை அமிர்தகலி என்றும் அமிர்தகாளி என்றும் வாசிக்கிறது. கழி களியாகி, களி காளியாகி, ஊரே வேறு ஊராகிவிடுகிறது. அந்தப் பிள்ளையின் மீது குற்றம் இல்லை. சரியாக எழுதிக் காட்ட வேண்டியவர்கள் நாங்கள்.

வேறு நாடுகள் என்ன செய்திருக்கின்றன என்றும் பார்ப்போம். இலண்டனில் இருக்கும் தோழியர் தினமும் பார்க்கும் பாதாள ரயில் பலகை, சிவப்பு வளையமும் குறுக்கே நீலப் பட்டையும் கொண்டது. அதற்கான எழுத்துருவை எட்வர்ட் ஜோன்ஸ்டன் 1916இல் வரைந்து கொடுத்தார். அந்தப் பலகையில் தேம்ஸ் நதியும் இல்லை, அரண்மனையும் இல்லை. எழுத்தின் தெளிவும், எல்லா நிலையத்திலும் ஒரே ஒழுங்கும், நூறு ஆண்டாக மாறாமல் காத்த பொறுமையுமே அதை இலண்டனின் முகமாக்கிவிட்டன. புதுச்சேரிக்குப் போனவர்கள் பழைய பிரெஞ்சுப் பகுதியில் நீல நிறத்தில் வெள்ளை எழுத்துப் பலகைகளைக் கண்டிருப்பீர்கள். பிரெஞ்சும் தமிழும் ஒரே தகட்டில் இருக்கும். ஆட்சி போன பின்னும் அந்தத் தகட்டை நகரம் தன் வரலாற்றின் ஒரு பகுதியாக வைத்துக்கொண்டது. இரண்டு இடத்திலும் ஒரே பாடந்தான். எளிமையும் தொடர்ச்சியுமே காலப்போக்கில் மரபாகின்றன. ஒரு சபை மீனும், அடுத்த சபை தாமரையும், அதற்கடுத்த சபை வேறொன்றும் வைத்துக்கொண்டே போனால், அடையாளம் வளராது. செலவுதான் வளரும்.

அலங்காரமே கூடாத பலகைகளும் உண்டு. இதை இந்த ஊர்ப் பெண்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. போர்க்காலத்தில் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையைக் கண்டால் அந்த வெளிக்குள் கால் வைக்கமாட்டோம். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கும் அது புரிந்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி நாவலடியிலும் கல்லடியிலும் திருச்செந்தூரிலும் கடல் எடுத்துக்கொண்டவர்களில் இந்தப் பாடசாலைப் பிள்ளைகளின் உறவுகளும் உண்டு. அதன் பின்னர்தான் கரையோரத்தில் பேரலையும் ஓடும் மனிதனும் வரைந்த பலகைகள் வந்தன. எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று அம்புக்குறி சொல்கிறது. அந்த அம்புக்குறியை மீன் வடிவில் அழகுபடுத்த யாராவது எண்ணினால், தயவுசெய்து கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்துவிடுங்கள். உயிர் காக்கும் பலகை உலகம் முழுதும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அங்கே எங்கள் தனித்தன்மைக்கு இடம் இல்லை.

இன்னொன்றையும் மனம் திறந்து சொல்ல வேண்டும். மீன் பாடுவதை இந்த மண்டபத்தில் எத்தனை பேர் உங்கள் காதால் கேட்டிருக்கிறீர்கள்? கையை உயர்த்தச் சொன்னால் சங்கடப்படுவோம். பாலத்தில் வாகன இரைச்சல், நீரில் இயந்திரப் படகு, கரையில் பொலித்தீன் பைகள். கண்ணா மரங்களை வெட்டிக் கரையை நிரப்புகிறோம். வாவிக்குள் குப்பையைக் கொட்டிக்கொண்டே வாவிக் கரையில் மீன் சிலை வைத்தால், அது சின்னம் ஆகாது. நடுகல் ஆகும். இறந்தவரின் நினைவாக நடுவதுதான் நடுகல். எங்கள் வாவி இன்னும் சாகவில்லை. உயிரோடு இருப்பதற்கு நடுகல் வைக்கும் அவசரம் எங்களுக்கு வேண்டாம்.

ஆகவே, இரண்டு கட்சியிலும் உள்ள நியாயத்தைச் சேர்த்துச் சங்கத்தின் முன் சில யோசனைகளை வைக்கிறேன்.

முதலாவது, பெயர் பெரிதாகவும் மீன் சிறிதாகவும் இருக்கட்டும். பலகையின் ஒரு மூலையில் மீனோ ஊரியோ ஒரு சிறு முத்திரையாக இருந்தால் போதும். நகரின் வாயிலில் பெரிய மீன் நிற்கலாம், அது வரவேற்பு. ஒவ்வோர் ஒழுங்கை முனையிலும் பெரிய மீன் நின்றால் அது சந்தை.

இரண்டாவது, மூன்று மொழியிலும் எழுத வேண்டும். எழுதுமுன் அந்தந்த மொழி நன்கு அறிந்த ஒருவரிடம் காட்டித் திருத்த வேண்டும். தமிழ்ப் பிழையைக் கண்டு எங்களுக்கு எவ்வளவு வலிக்கிறதோ, சிங்களப் பிழையைக் காணும் சிங்களவருக்கும் அவ்வளவு வலிக்கும். ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒரு முறை தீர்மானித்தால் எல்லாப் பலகையிலும் அதுவே வர வேண்டும்.

மூன்றாவது, பெயரின் கீழே ஒரே ஒரு வரி. ‘கழி: கடலோடு சேர்ந்த உவர்நீர்ப் பரப்பு’ என்பதுபோல. பொருள் தெரிந்த பெயருக்கு மட்டும் எழுதுவோம். தெரியாததற்குக் கதை கட்ட வேண்டாம். ஒரு பெயருக்கு இரண்டு விளக்கம் இருந்தால் இரண்டையும் சொல்வோம்.

நான்காவது, பராமரிப்பு. எங்கள் உவர்க்காற்றில் இரும்பு என்ன பாடுபடும் என்று சமையலறைச் சன்னல் கம்பியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வளைவும் நெளிவும் கூடக்கூடத் துரு பிடிக்கும் இடமும் கூடும். துருப்பிடித்த மீன் பாடாது, அழும். எளிய தகடு, தடித்த எழுத்து, ஆண்டுக்கு ஒரு தடவை ஆடி அமாவாசைக்கு முன்னர் மாணவிகள் கழுவித் துடைக்கும் ஒரு பழக்கம். இந்தப் பழக்கத்தைத் தொடங்கி வைப்பது பலகை செய்து கொடுப்பதைவிடப் பெரிய நன்கொடை.

ஐந்தாவதும் கடைசியுமானது, பலகை செய்யுமுன் பெயர்களைச் சேகரிக்க வேண்டும். இது உலகெங்கும் இருக்கும் பழைய மாணவிகளுக்கான வேலை. நீங்கள் சிறு வயதில் பள்ளிக்கு நடந்து வந்த ஒழுங்கையை அப்போது என்ன பெயரால் அழைத்தீர்கள்? எந்தத் துறையில் தோணி ஏறினீர்கள்? எந்தக் கிணற்றடிக்கு, எந்த மரத்தடிக்கு, எந்த மடுவுக்குப் பெயர் இருந்தது? இடம்பெயர்ந்தபோதும் கடல் வந்தபோதும் அந்தப் பெயர்களில் சில மனிதரோடு சேர்ந்து போய்விட்டன. இன்னும் சில, ஸ்காபரோவில் ஒரு மாடிக் குடியிருப்பிலோ வெள்ளவத்தையில் ஒரு முதியோர் அறையிலோ ஒரு வயதான தாயின் நினைவில் மட்டும் இருக்கின்றன. மாநகர சபையின் எந்தக் கோவையிலும் அவை இல்லை. அந்தத் தாய் போனால் அந்தப் பெயரும் போய்விடும். பலகையை எப்போதும் செய்துகொள்ளலாம். அந்தப் பெயரை அப்படிச் செய்துகொள்ள முடியாது.

இங்கே படிக்கும் தங்கைமார் ஆளுக்கொரு கொப்பியை எடுத்துக்கொண்டு உங்கள் அம்மம்மாமாரிடம் கேளுங்கள். தோணிக்காரரிடம் கேளுங்கள். மீன் விற்க வரும் அம்மாவிடம் கேளுங்கள். பக்கத்து ஊர் முஸ்லிம் தோழியின் உம்மம்மாவிடம் கேளுங்கள், அவருக்கும் இந்த வாவியைப்பற்றிச் சொற்கள் இருக்கும். கேட்டதைக் கேட்டபடி எழுதுங்கள். டெனன்டும் அதைத்தான் செய்தார். அவர் எழுதி வைத்திராவிட்டால் ‘ஊரி’ என்ற விடை எங்களுக்குக் கிடைத்திராது. ஆனால் எங்கள் வாவியின் சொல்லை எங்களுக்குச் சொல்வதற்கு இனி வெளியிலிருந்து ஒருவர் வரத் தேவையில்லை. எழுதத் தெரிந்த பெண்களை நூறு ஆண்டாக உருவாக்கிய பாடசாலை இங்கே இருக்கிறது.

அடுத்த பொதுக்கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் ஒரு பெயரையாவது கொண்டு வாருங்கள். வரமுடியாதவர்கள் கடிதத்திலோ வட்ஸ்அப்பிலோ அனுப்புங்கள். பலகையின் வடிவத்தைப்பற்றிய வாக்கெடுப்பை, பெயர்கள் எல்லாம் மேசைக்கு வந்த பின்னர் வைத்துக்கொள்வோம் என்று பணிவாகக் கேட்டு என் பேச்சை நிறைவு செய்கிறேன்.